தாது வருஷத்துப் படம்: ஒட்டுப்படமும் ஆதாரமும்



நாம் யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழருக்குப் புகழுரை பிடிக்காது. நாம் எழுதிக் கொடுக்கும் எந்தக் கட்டுரையின் ஓரத்திலும் சிவப்பு மையில் ‘ஆதாரம்?’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதித் திருப்பித் தருவார். அதனால் இந்த ஆண்டுச் சொற்பொழிவை அந்தச் சொல்லை வைத்தே அமைத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் விநோதமானது. பல படங்களை வெட்டி ஒட்டி, பழைய காலத்தில் எடுத்தது என்று பார்ப்பவர் நம்பும்படி ஒரு புகைப்படத்தை இன்றைக்குச் செய்வது. அதை எப்படிச் செய்கிறார்கள், நமக்கு முன்னால் யார் யார் செய்தார்கள், நாம் செய்யலாமா என்பதுதான் பேச்சு.

முதலில் ஓர் அமெரிக்கப் படம். வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் ‘சிட்டி பாயின்டில் ஜெனரல் கிராண்ட்’ என்ற பெயரில் ஒரு புகைப்படம் இருக்கிறது. அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களைத் தோற்கடித்த யுலிசிஸ் கிராண்ட், குதிரைமேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். பின்னால் முகாமும் ஏராளமான ஆட்களும். 1864இல் போர்முனையில் எடுத்தது என்று யாரும் நம்பிவிடுவார்கள். பல காலம் நம்பவும் செய்தார்கள். உற்றுப் பார்த்தவர்களுக்குச் சில விஷயங்கள் உறுத்தின. தலை கழுத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் கோணம் சரியில்லை. சீருடை அப்போது அவர் வகித்த பதவிக்குப் பொருந்தவில்லை. குதிரையின் கால் அடையாளம் அவருடைய சின்சினாட்டி என்ற குதிரையின் அடையாளத்தோடு ஒத்துவரவில்லை. நூலகத்தார் துருவிப் பார்த்ததில் மூன்று தனித்தனி நெகடிவ்கள் அகப்பட்டன. தலை, 1864 ஜூனில் கோல்டு ஹார்பரில் எடுத்த கிராண்டின் படத்திலிருந்து வந்தது. உடலும் குதிரையும் மெக்குக் என்ற இன்னொரு மேஜர் ஜெனரலுடையவை. பின்னணி, வர்ஜீனியாவில் ஃபிஷர்ஸ் ஹில் சண்டையில் பிடிபட்ட தென்படைக் கைதிகளின் முகாம். ஒட்டியவர் லெவின் ஹாண்டி. போர்க்காலப் படங்களால் பெயர்பெற்ற மாத்யூ பிராடியின் உறவினர். ஒட்டிய காலம் 1902 வாக்கில், அதாவது சண்டை முடிந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து.

இதில் நம்மை நிறுத்திவைப்பது அந்தப் பின்னணி ஆட்கள்தான். கிராண்ட் சிட்டி பாயின்டில் தங்கியிருந்தது உண்மை. அங்கேதான் அவருடைய தலைமையகம் இருந்தது. அவர் வென்றதும் உண்மை. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பவர்கள் அவருக்கு எதிராகத் துப்பாக்கி பிடித்துத் தோற்று அடைபட்டவர்கள். தோற்றவனை வென்றவனின் அலங்காரமாக ஆக்க ஹாண்டிக்கு ஒரு கத்திரியும் கொஞ்சம் பொறுமையும் போதுமானதாக இருந்தது. நடந்த விஷயத்தைச் சொல்ல நடக்காத காட்சி ஒன்று தயாரானது.

அடுத்தது பாரிஸ். 1871 மார்ச் முதல் மே வரை பாரிஸ் நகரம் உழைப்பவர்களின் கையில் இருந்தது. வெர்சாயிலிருந்து வந்த அரசுப் படை மே மாதக் கடைசியில் உள்ளே புகுந்து ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அந்தக் கொலைகளைச் சொல்லும் படத்தொகுப்பு ஏதும் கடைக்கு வரவில்லை. கடைக்கு வந்தது அப்பெர் என்ற படக்காரரின் ‘கம்யூனின் குற்றங்கள்’ என்ற ஒன்பது படங்கள். கம்யூன் தரப்பினர் இரண்டு தளபதிகளைச் சுட்டது, சிறையில் பிணையாளிகளைச் சுட்டது, பாதிரிகளைக் கொன்றது என்று ஒவ்வொரு படத்திற்கும் ஒரு சம்பவம். நடிகர்களைக் கூலிக்கு அமர்த்தி, நிற்கவைத்துப் படம் எடுத்தார். பிறகு அவர்களின் கழுத்துகளில் உண்மையான ஆட்களின் முகங்களை ஒட்டினார். அந்த முகங்கள் அவருக்கு எப்படிக் கிடைத்தன? வெர்சாய்ச் சிறைகளில் அடைபட்டிருந்த கம்யூன் கைதிகளைப் படமெடுத்தவரும் அவரேதான். கைதியாக உட்கார்ந்து கொடுத்த முகத்தை எடுத்துக் கொலைகாரனின் உடலில் வைத்து விற்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பெர் காட்டிய சம்பவங்கள் கற்பனை அல்ல. இரண்டு தளபதிகள் சுடப்பட்டார்கள். பிணையாளிகள் கொல்லப்பட்டார்கள். எதைச் செய்துகாட்டுவது, எதை விட்டுவிடுவது என்று அவர் எடுத்த முடிவில்தான் பொய் இருந்தது. இப்போது கைப்பேசியில் வந்து விழும் படங்களைச் ‘செயற்கை நுண்ணறிவு’ என்று சொல்லி நாம் பதறுகிறோம். 1871இல் மின்சார விளக்குகூடப் பரவாத ஊரில், கத்திரியையும் பசையையும் வைத்துக்கொண்டு இத்தனையும் நடந்திருக்கிறது.

ஒட்டுப்படம் என்றாலே மோசடி என்று இதை வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. நம் வீடுகளுக்கு வாருங்கள். சேரியில் எத்தனை வீட்டுச் சுவரில் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே ஒரு படம் மாலையோடு தொங்குகிறது! அவர்கள் அப்படி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டதே கிடையாது. அப்பா முகம் ஏதோ ஓர் அடையாள அட்டையிலிருந்து வந்தது. அம்மா முகம் யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குழுப்படத்தின் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. டவுன் ஸ்டுடியோக்காரர் இரண்டையும் சேர்த்து, பின்னால் திரைச்சீலை வரைந்து, அப்பாவுக்குச் சட்டையும் அம்மாவுக்குப் பட்டுப்புடவையும் கழுத்தில் சங்கிலியும் போட்டுக் கொடுத்திருப்பார். வாழ்நாளில் ரவிக்கையே போடாத பாட்டிக்கு டச்சிங்காரர் ரவிக்கை தைத்துப் போட்ட படங்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். அந்தப் படத்தால் யாரும் ஏமாறவில்லை. சங்கிலி இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். படமே எடுக்காமல் போய்ச் சேர்ந்தவர்களுக்குச் செய்த மரியாதை அது. புத்தரும் பூலேவும் அம்பேத்கரும் ஒன்றாக நிற்கும் சுவரொட்டியும் இதே வகைதான். பூலே 1890 நவம்பரில் காலமானார்; அம்பேத்கர் 1891 ஏப்ரலில் பிறந்தார். அந்தச் சுவரொட்டியைப் பார்த்து இருவரும் சந்தித்தார்கள் என்று யாரும் எழுதப்போவதில்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? பார்ப்பவர் ‘இது அன்றைக்கே எடுத்த படம்’ என்று நினைக்க வேண்டும் என்று செய்பவர் விரும்பும்போது வருகிறது. சென்னையில் கால்வாய் ஓரக் குடியிருப்பு ஒன்றில் தாது வருஷப் பஞ்சம் பற்றி ஒரு சிறு கண்காட்சி வைத்தபோது இந்தச் சிக்கல் எங்கள் மேசைக்கே வந்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சத்தைத்தான் நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். நிலமில்லாத கூலிகள் அதில் முதலில் விழுந்தார்கள். அரசாங்கம் சும்மா கஞ்சி ஊற்ற விரும்பவில்லை. நிவாரணம் வேண்டுமென்றால் மண் சும என்றது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிவைத்த ரிச்சர்டு டெம்பிள் 1877 தொடக்கத்தில் கூலியை வெட்டினார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு ஓர் அணா. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிரைத் தாங்காது என்று எதிர்த்து எழுதினார். சில மாதம் கழித்துத்தான் அளவைக் கூட்டினார்கள். இந்தக் கூலிக்கு நடந்த வேலைகளில் ஒன்று, சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய். ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளும் நீர்வழியில் நடுவே விடுபட்டிருந்த துண்டு அதுதான். 1878இல் முழுக் கால்வாய்க்கும் அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். மண் சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இன்று அந்தத் துண்டின் நடுவில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. கரையில் இருந்தவர்களை ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்று சொல்லிக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பியது நமக்குத் தெரிந்த கதை. கண்காட்சி வேலையில் இருந்த ஓர் இளந்தோழர், படவேலையில் கெட்டிக்காரர், ஒரு யோசனையோடு வந்தார். ‘நம் சனங்கள் இந்தக் கால்வாயை வெட்டுவது போல 1877இல் எடுத்த ஒரு போட்டோ வேண்டும். நான் செய்து தருகிறேன், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதைப் பெரிதாக மாட்டினால் யார் யாரை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்ல முடியும்?’

இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம்மிடம் படமில்லை என்பது தற்செயல் அல்ல. படப்பெட்டி யார் கையில் இருந்ததோ அவர்களுக்கு வேண்டியது மட்டும் படமானது. அதனால் ‘கூடாது’ என்று ஒரு வார்த்தையில் சொல்லாமல், அப்படி ஒரு படத்தை நம்பும்படி செய்ய என்னென்ன வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து பார்த்தோம். பார்க்கப் பார்க்க அது பஞ்சத்தைப் பற்றிய பாடமாகவே மாறிப்போனது.

முதலாவது, நிறம். பழைய படம் செய்கிறவர்கள் வண்ணப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, மேலே கொஞ்சம் பழுப்பு பூசிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 1877இல் புழக்கத்தில் இருந்தது ஈரத் தகடு. கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டும். அந்தத் தகடு நீல ஒளியைத்தான் உணரும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. அதனால் நீல வானம் வெள்ளைக் காகிதமாக வரும். காவிப் புடவை கறுப்பாக வரும். மாநிறத் தோல், கண்ணுக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு கறுத்து விழும். எல்லா நிறத்தையும் பார்க்கும் தகடு கடைக்கு வந்தது 1906 வாக்கில்தான். ஆகவே 1877 போல ஒரு படம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் சிவப்பையும் பச்சையையும் எடுத்துவிட்டு நீலத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இளந்தோழர் தன்னுடைய படத்தையே அப்படி மாற்றிக் காட்டினார். திரையில் வந்தது காலனிய ஆல்பத்தில் பார்த்துப் பழகிய அதே ‘பறையன்’ முகம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ என்ற நூலில் நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சாதிப்பெயரும் குணவிளக்கமும் சேர்த்திருப்பார்கள். அந்தக் கறுப்பில் தோலின் பங்கு எவ்வளவு, தகட்டின் பங்கு எவ்வளவு என்று அதைப் புரட்டியவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது, அசைவு. ஈரத் தகட்டுக்குச் சில வினாடிகளாவது வெளிச்சம் வேண்டும். மண்வெட்டி இறங்குவது, மண் சிதறுவது, கூடை கைமாறுவது எதுவும் பதியாது, புகைபோலக் கலங்கிவிடும். ஆகவே உண்மையிலேயே 1877இல் எடுத்த படமாக இருந்தால், வெட்டுபவர் வெட்டுவதை நிறுத்தி, வெட்டுவதுபோல அசையாமல் நின்றிருக்க வேண்டும். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது? மேஸ்திரிக்கும் துரைக்கும்தான். இளந்தோழர் முதலில் வரைந்துகாட்டிய மாதிரியில் ஐம்பது பேர் மும்முரமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். சரியாகச் செய்வதென்றால் ஐம்பது பேரும் வேலையை விட்டுவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மூன்றாவது விஷயத்தைக் கேட்டால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ‘பழசு’ என்று காட்ட நாம் தூவும் புள்ளிகளும் நெடுக்குக் கீறல்களும் சினிமா பிலிமிலிருந்து வந்த பழக்கம். கொலோடியன் நெகடிவில் புள்ளி கண்ணுக்கே தெரியாது. நெகடிவைத் தாளின்மேல் வைத்து அதே அளவில் அச்சிட்டதால் படம் கத்திபோலத் துல்லியமாக இருக்கும். மங்கலான, சொரசொரப்பான ‘1877 படம்’ ஒன்று உங்களுக்கு வந்தால், முதல் சந்தேகத்தை அங்கேயே வைக்கலாம். வானத்தில் அழகான மேகம் இருந்தால் இரண்டாவது சந்தேகம். அந்தத் தகட்டில் நிலமும் மேகமும் ஒன்றாக விழுவது அரிது. மேகத்துக்குத் தனி நெகடிவ் எடுத்து ஒட்டுவார்கள். பிரான்சில் லெ கிரே 1850களிலேயே கடலையும் வானத்தையும் இப்படிச் சேர்த்தார். 1857இல் இங்கிலாந்தில் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்ய, விக்டோரியா மகாராணியே அதில் ஒரு பிரதி வாங்கினார். அவர்கள் அதைக் கலை என்று சொல்லியே விற்றார்கள்.

வடிவக் கணக்கும் உண்டு. கேமரா முக்காலியில் ஆள் நெஞ்சு உயரத்தில் நின்றால், சமதரையில் நிற்கும் எல்லோர் நெஞ்சின் வழியாகவும் அடிவானக் கோடு போக வேண்டும், பக்கத்தில் நின்றாலும் தொலைவில் நின்றாலும். பல ஒட்டுப்படங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வர வேண்டும். பாதம் தரையைத் தொடும் இடத்தில் சிறு இருட்டு விழ வேண்டும். அது இல்லாவிட்டால் ஆள் மிதப்பார். இவையெல்லாம் பயிற்சியில் வந்துவிடும்.

வராதது பொருள்களின் வரலாறு. இன்றைய கரையைப் படமெடுத்தால் சீமைக் கருவேலம் இருக்கும். அது நம் ஊர்க் கரைகளில் இப்படிப் படர்ந்தது இருபதாம் நூற்றாண்டில். தண்ணீரில் ஆகாயத்தாமரை இருக்கும். 1877இல் அது இந்தக் கால்வாய்க்கு வந்திருக்கவில்லை. பனை இருக்கலாம். பிளாஸ்டிக் குடம் போய் மண்பானை வர வேண்டும். ஆட்கள் எப்படி நிற்பார்கள் என்பதை அந்தக் குடியிருப்பில் மண்வேலை செய்து வயதான அம்மாக்கள் இரண்டு பேர் சொல்லிக்கொடுத்தார்கள். நிறைந்த கூடைக்குச் சும்மாட்டை எப்படிச் சுற்றுவது, கூடையோடு நிற்கும்போது பாரம் எந்தக் காலில் இருக்கும், ஈர மண்ணில் மண்வெட்டியை எந்தச் சாய்வில் ஊன்றி இளைப்பாறுவது என்றெல்லாம். எந்த நூலகத்திலும் இதற்குப் புத்தகம் கிடையாது. ‘ஏம்மா, போட்டோவுக்குன்னா சும்மாடு இல்லாம நிப்பாங்களா?’ என்று அவர்களில் ஒருவர் இளந்தோழரை அதட்டினார்.

எல்லாம் ஓரளவு கூடிவந்த பிறகு ஒன்று மட்டும் மிஞ்சி நின்றது. உடம்பு. இன்றைய தோழர்களை நிற்கவைத்தால் அது ஒரு பவுண்டு தானியத்தில் மண் சுமந்த உடம்பாக இராது. விலா தெரியும் உடம்பு வேண்டும். அது இருக்கும் இடம் நமக்குத் தெரியும். சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் அதே பஞ்சத்தில் எடுத்த படங்கள் உலகம் முழுக்கப் பரவியவை. எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் படுக்கவைத்தும் எடுத்தார். சில படங்களுக்கு அவர் வைத்த தலைப்புகளைப் படித்தால் நமக்கு வயிறு எரியும். இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்ற பொருளில்கூட ஒரு தலைப்பு உண்டு. இதே ஹூப்பர் 1886இல் பர்மாவில் மரண தண்டனை நிறைவேறும் நொடியைப் படமெடுக்க முயன்றார் என்று லண்டன் நாடாளுமன்றம்வரை கேள்வி எழுந்தது.

‘அவர்களை வெட்டி எடுத்து, கையில் மண்வெட்டி கொடுத்தால் போதும்’ என்றார் இளந்தோழர். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஒரே தகடு, ஒரே வெயில், ஒரே காலம், ஒட்டே தெரியாது. ஆனால் அந்த இடத்தில் எங்களுக்கு அப்பெர் நினைவுக்கு வந்தார். சிறையில் உட்காரவைத்து எடுத்த முகத்தை அவர் தனக்கு வேண்டிய உடலில் வைத்தார். ஹூப்பரின் முன்னால் உட்கார்ந்தவர்கள் கேட்டு உட்காரவில்லை; நிற்கத் தெம்பில்லாததால் உட்கார்ந்தவர்கள் பலர். அவர்களை நாம் எழுப்பி நிற்கவைத்துத் தலையில் கூடையும் வைப்பதா? டெம்பிள் செய்ததும் அதுதானே! நோக்கம் நல்லது என்ற பதில் எங்களுக்குப் போதவில்லை.

சமூகவியல் படித்தவர்களுக்குக் கால்டனைத் தெரிந்திருக்கும். 1870களின் இறுதியில் அவர் கைதிகளின் முகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தகட்டில் பதித்துக் ‘குற்றவாளி முகம்’ ஒன்றைச் செய்து பார்த்தார். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு முகம் வந்தது. ‘பஞ்சத்தில் வாடிய தலித்’ என்று ஒரு பொதுவான முகத்தைச் செய்ய நாம் கிளம்பினால் அந்த ஆய்வுக்கூடத்துக்கு வெகு தூரம் இல்லை.

இனி ஆதாரம் என்ற சொல்லுக்கு வருவோம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையையும் அதன் வழி வந்த 1892 அரசாணையையும் வைத்துக்கொண்டுதான் பஞ்சமி நிலத்துக்காக இன்றுவரை போராடுகிறோம். அந்தப் போராட்டத்தில் நமக்கு இருக்கும் பலம் காகிதம்: பழைய பதிவேடு, அ-பதிவேட்டு நகல், சர்வே எண். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது ‘இந்தக் காகிதம் அசலா?’ என்றுதான். 1877 என்று சொல்லி நாம் மாட்டிய ஒரு படத்தில் ஆகாயத்தாமரை இலை ஒன்றை ஒருவர் கண்டுபிடித்துவிட்டால், அன்றைக்குச் சிரிப்பு கால்வாயோடு நிற்காது. நம் கையில் இருக்கும் அசல் காகிதம் எல்லாவற்றின் மேலும் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொள்ளும். அதுவும் கால்வாயைப் பொறுத்தவரை நமக்குப் பொய்ப்படம் தேவையே இல்லை. பஞ்ச நிவாரண வேலையாக அது வெட்டப்பட்டது என்பதை வெட்டச் சொன்னவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

‘அப்படியென்றால் படமே வேண்டாமா?’ என்று கேட்டார்கள். வேண்டும் என்றுதான் முடிவு செய்தோம். கடுமையாக வாதாடித்தான் அந்த முடிவுக்கு வந்தோம். படத்தில் ஹூப்பரின் ஆட்கள் யாரும் இல்லை. நிற்பவர்கள் அந்தக் குடியிருப்பில் வாழும் பதினேழு பேர், தங்கள் உடம்போடு, தங்கள் சம்மதத்தோடு. சும்மாடும் கூடையும் அம்மாக்கள் சொன்னபடி. நிறம் ஈரத் தகட்டின் நிறம். வானம் வெறும் வெள்ளை. கருவேலமும் ஆகாயத்தாமரையும் நீக்கப்பட்டுவிட்டன. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நேராகப் பார்க்கிறார்கள். ஒன்றை மட்டும் நீக்கவில்லை. படத்தின் நடுவில், பதினேழு பேருக்கும் நடுவே, பறக்கும் ரயிலின் கான்கிரீட் தூண் நிற்கிறது.

கீழே ‘இது புனைவு’ என்று எழுதினால் போதாதா என்று வாதம் வந்தது. போதாது. எழுத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் அனுப்ப ஒரு விரல் போதும். ஒரே வாரத்தில் ‘1877இன் அரிய புகைப்படம்’ என்று நமக்கே திரும்பி வரும். தூணை வெட்ட வேண்டுமென்றால் படத்தையே இரண்டாகக் கிழிக்க வேண்டும். இளந்தோழர் இன்னும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தூண் படத்தைக் கெடுத்துவிட்டது என்பது அவர் கட்சி. அவர் இந்த அவையிலும் இருக்கிறார். கேள்வி நேரத்தில் பேசுவார் என்று நம்புகிறோம். ஆனால் கண்காட்சிக்கு வந்தவர்கள் அதிக நேரம் நின்றது அந்தப் படத்தின் முன்னால்தான். நின்றவர்கள் கேட்டது தூணைப் பற்றி. அது யார் நிலத்தில் நிற்கிறது, அது வந்தபோது அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பதில் தெரிந்தேயிருந்தது.

ஹூப்பரின் படங்களையும் கண்காட்சியில் வைத்தோம், எதையும் வெட்டாமல், ஒட்டாமல். பக்கத்தில் அந்தத் தகட்டின் தன்மையைப் பற்றி நான்கு வரி. 1877 அக்டோபரில் லண்டன் படப் பத்திரிகை ஒன்று பெங்களூரில் நிவாரணத்துக்குக் காத்திருப்பவர்களைச் செதுக்குப் படமாக அச்சிட்டிருந்தது. அதன் நகலும் இருந்தது. செதுக்குபவரும் ஒரு வகையில் ஒட்டுபவர்தான்: இங்கிருந்து போன படத்தை அங்கே இருந்துகொண்டு, இந்த ஊரையே பார்க்காத கையால் மறுபடி வரைவது. அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும், இன்று நேரமில்லை.

கடைசியாக மன்றத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில் பழைய ஸ்டுடியோப் படங்கள் இருந்தால், ஒட்டிச் செய்தவையாக இருந்தாலும், நகல் எடுக்கக் கொண்டுவாருங்கள். சட்டகத்திலிருந்து பிரிக்கும்போது பின் அட்டையை எறிந்துவிட வேண்டாம். ஸ்டுடியோவின் முத்திரை, தேதி, சில நேரம் பென்சிலில் எழுதிய பெயர், எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். அம்மா கழுத்துச் சங்கிலி வரைந்ததா உண்மையா என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்துகொள்வோம்.